ஒன்பது மணி சைபர்

"சைபர். எழுதிக்கிட்டியா?"

காலை ஒன்பது அடித்தால் நரெலின் போன் வந்துவிடும். மலையடிவாரத்து ஆட்டுப்பண்ணையில் தனியாக இருப்பவள். வேலியோரம் நட்டிருக்கும் மழைமானியைப் பார்த்து, பிரிஸ்பேனில் வெள்ள எச்சரிக்கை அலுவலகத்தில் இருக்கும் லாக்லனிடம் அளவைச் சொல்வாள். சம்பளம் கிடையாது.

"மழையே இல்லாதப்போ தினம் எதுக்கும்மா போன்? மாசக் கடைசியில மொத்தமா சொல்லக் கூடாதா?"

"உனக்கு வேற என்ன வெட்டி முறிக்கிற வேலை? ஆமா, அந்தக் குரிம்பாக்காரனுங்க இன்னும் ஆத்தோட போகலையா?"

குரிம்பா, ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர். தண்ணீர் வழக்கில் அவளைத் தோற்கடித்து, பாதி ஆடுகளை விற்க வைத்த ஊர். தினமும் அதற்கு ஒரு சாபம் விட்டால்தான் அவளுக்கு டீ இறங்கும்.

"ரொம்ப நல்ல மனசு!" என்று முணுமுணுத்தபடி போனை வைத்தான் லாக்லன்.

அந்த வாரம், தேவையில்லாத மழைமானிகளைக் கழிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. பட்டியலில் முதல் பெயராக நரெலை எழுதினான். சொந்தக் கடுப்பும் கொஞ்சம் உண்டு.

ஆனால் சோதிக்காமல் கழிக்க முடியாது. போன பெருவெள்ளத்தைக் கணினிக்குள் மறுபடி ஓட விட்டார்கள். மொத்தம் நாலாயிரம் அளவுகள். ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, முடிவு எவ்வளவு அசைகிறது என்று பார்க்க வேண்டும். மண்டபம் நிறைய நிற்கும் இயந்திரத்துக்கே பதினொரு நாள் பிடித்தது.

பெரிய அணையின் அளவை நீக்கியபோது எச்சரிக்கை பத்து நிமிஷம் தள்ளிப்போனது.

நரெலின் அளவை நீக்கியபோது ஐந்து மணி நேரம்!

லாக்லன் நம்பாமல் திரும்பவும் ஓட்டினான். அதே ஐந்து மணி நேரம். வேலியோரம் குனிந்து ஒருத்தி படிக்கிற எண்ணில் ஒரு ஊரே உயிர் பிழைத்திருக்கிறது!

மறுநாள் ஒன்பது மணி.

"சைபர்."

"அம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. மழை நாள்ல மணிக்கொரு தடவை நீங்க சொல்றீங்களே, அது இல்லேன்னா குரிம்பா தூக்கத்துலயே முழுகியிருக்கும். எங்க இயந்திரம் பதினொரு நாள் கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சிருக்கு."

ஆடுகளின் சத்தத்துக்கு நடுவே அவள் சிரித்தாள்.

"பதினொரு நாளா? காலையில என் ஓடை நிறைஞ்சா ராத்திரி அவனுங்க வீட்டுல தண்ணி. அது தெரியாமலா கண்ணு, இருபது வருஷமா ஒரு நாள்கூட வெளியூர்ல தங்காம இங்கேயே கிடக்கேன்?"