நாற்பத்தெட்டாவது கையெழுத்து

“கதவைச் சாத்தாதீங்கம்மா. அஞ்சு நிமிஷம் செய்து காட்டுறேன். பிடிக்கலைன்னா வாயை மூடிக்கிட்டுப் போயிடுறேன்.”

சொன்னவள் அனுமதிக்கெல்லாம் காத்திருக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, தோள்பையோடு நேரே வரவேற்பறை ஜன்னலுக்குப் போய்விட்டாள். வயது இருபத்தைந்து இருக்கும். வாய்க்கு மட்டும் ஐம்பது.

வீட்டுக்காரம்மாவுக்கு எரிச்சல் தாங்கவில்லை. “வேண்டாம்னு உன்கிட்ட நாலு தடவை சொல்லியாச்சு.”

“இது அஞ்சாவது தடவை” என்றபடி விற்பனைக்காரப் பெண் பையிலிருந்து இரண்டு துடைப்பான்களை எடுத்தாள். இரண்டிலும் காந்தம். ஜன்னலைத் தள்ளித் திறந்து, ஒன்றைக் கண்ணாடியின் வெளிப்பக்கம் வைத்தாள். மற்றதை உள்பக்கம் வைத்து இழுத்தாள். உள்ளே இவள் கை போகிற பக்கமெல்லாம் வெளியே அதுவும் நாய்க்குட்டி மாதிரி கூடவே போனது.

வெளித் துடைப்பானில் ஒரு நூல் கட்டியிருந்தது. அதன் மறுமுனையை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள். அந்த முடிச்சை வேறு இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

“ஒரு துடைப்பானுக்கு இவ்வளவு பந்தோபஸ்தா?”

“பதினோரு மாடிம்மா. விழுந்தா விழுந்ததுதான்.”

அப்போது ஜன்னலுக்கு வெளியே முதலில் இரண்டு பூட்ஸ் கால்கள் இறங்கின. பிறகு இடுப்பில் கட்டிய வாளி. பிறகு கயிற்றுக்காரர். மொட்டைமாடியிலிருந்து தொங்கியபடி இந்தக் கட்டடத்துக் கண்ணாடிகளை இருபது வருஷமாகத் துடைப்பவர். தலை முழுக்க நரை. துடைப்பானைப் பார்த்ததும் அவர் முகம் கடுகடுத்தது.

“இங்கேயும் வந்துட்டியா?”

“வந்துட்டேன். அந்த இடுப்புக் கொக்கியை ஒழுங்கா மாட்டிட்டு அப்புறம் பேசுங்க.”

வயசுக்காவது ஒரு மரியாதை வேண்டாமா என்று வீட்டுக்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. கயிற்றுக்காரர் கொக்கியைத் தொடக்கூட இல்லை. வீட்டுக்காரம்மாவிடம்தான் முறையிட்டார்.

“ஆறு மாசத்துல நாப்பத்தேழு வீட்டைக் கெடுத்துட்டாம்மா. காந்தத்தைத் தலையில கட்டிட்டு, வெளிய துடைக்க ஆள் வேண்டாம்னு குடியிருப்போர் சங்கத்துத் தாள்ல கையெழுத்தும் வாங்கிடுறா. மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்தர்தான்.”

“ஒரே ஒரு வீட்டுக்காகக் கயித்துல இறங்குறதா?” என்றாள் அவள், துடைப்பதை நிறுத்தாமல்.

“ஒரு வீடு கூப்பிட்டாலும் தொங்குவேன். ஒருத்தரும் கூப்பிடலைன்னாதான் கயித்தைச் சுருட்டுவேன். அதுவரைக்கும் எந்தக் கொம்பன் சொன்னாலும் நடக்காது.”

“கேட்டுக்கிட்டீங்களாம்மா? இதுக்கு நீங்கதான் சாட்சி.”

“நல்லாவே கேட்டேன். அதனாலதான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றாள் வீட்டுக்காரம்மா. “பெரியவர் பொழப்புல மண்ணள்ளிப் போடுறியே, உனக்கு நெஞ்சு உறுத்தலையா?”

“இல்லை.”

பட்டென்று சொல்லிவிட்டாள். கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நடிக்கவாவது செய்திருக்கலாம்.

“எங்க கடையில ரப்பர் மாத்த, நூல் மாத்த ஆள் வேணும். மேசை உண்டு, நாற்காலி உண்டு, மின்விசிறி உண்டு. நாளைக்கே வரலாம்னு சொல்லிச் சொல்லி என் நாக்கு தேஞ்சுபோச்சு.”

“உன் கடையில உட்கார்ந்து ரப்பர் ஒட்டவா? போ போ, வேற வேலையைப் பாரு” என்று அவர் மிதப்பாகச் சிரித்தார்.

சிரிப்பு முடிவதற்குள் காற்று ஒரு தள்ளு தள்ளியது. கயிறு பக்கவாட்டில் ஓடியது. அவருடைய தோள் சுவரில் மோத, வாளித் தண்ணீர் முழுவதும் கண்ணாடியில் கொட்டியது.

வீட்டுக்காரம்மா அலறிவிட்டாள். விற்பனைக்காரப் பெண் துடைப்பானைக் கைவிட்டுவிட்டு, திறந்த ஜன்னல் வழியாக இரண்டு கைகளையும் நீட்டி அவர் இடுப்புப் பட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வெளித் துடைப்பான் அவள் மணிக்கட்டு நூலில் தொங்கி ஆடியது.

காற்று அடங்கியது. “விடு, எனக்கு இதெல்லாம் பழக்கம்தான்” என்றார் அவர். அவள் கொக்கியைத் தன் கையாலேயே சரியாக மாட்டினாள். அதன் பிறகுதான் விட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“அம்மா, அவர் மேல இரக்கப்படுறதா நினைக்கிறீங்க. நீங்க அவருக்குச் சோறு போடலை. கயிறு போடுறீங்க.”

வீட்டுக்காரம்மா அவள் பக்கம் திரும்பினாள். “அந்தக் கடை வேலை நிஜம்தானே?”

“சத்தியமா” என்று அவள் பையிலிருந்து சங்கத்துத் தாளை எடுத்தாள்.

“போடாதீங்கம்மா, அவ பேச்சைக் கேட்காதீங்க” என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

“நீங்க சும்மா இருங்க. என் ஜன்னல்ல இன்னொரு தடவை இதைப் பார்க்க என்னால ஆகாது” என்று வீட்டுக்காரம்மா அந்தத் தாளைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள். பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்துவிட்டது.

விற்பனைக்காரப் பெண் அந்தத் தாளை அவர் பக்கமாகத் திருப்பி, ஈரக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினாள். கயிற்றுக்காரர் மேலிருந்து கீழாக ஒவ்வொரு வீடாக விரல் வைத்துப் பார்த்தார். நாற்பத்தெட்டும் இருந்தது.

“ஒருத்தரும் கூப்பிடலைன்னா கயித்தைச் சுருட்டுறேன்னு சொன்னீங்க. சாட்சியும் இருக்காங்க” என்றாள். இத்தனை நேரம் விறைப்பாக இருந்த குரல் இப்போது உடைந்தது. “மெதுவா கீழ இறங்குங்க அப்பா. அண்ணன் இதே கயித்துல இருந்து விழுந்த அன்னிக்கே நீங்க இறங்கியிருக்கணும்.”