வெந்நீர் அத்தை வீடு

அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீருக்குள் கற்கண்டை அள்ளி அள்ளிப் போட்டார்கள். கடைசியாக வந்த சின்னக் கற்கண்டு மட்டும் பாத்திரத்தின் விளிம்பில் தொற்றிக்கொண்டு தயங்கியது.

"உள்ளே ஒரே கூட்டமா இருக்கே அத்தை, எனக்கும் இடம் இருக்குமா?"

"என்ன பேச்சு பேசுறே? எத்தனை பேர் வந்தாலும் இந்த வீடு தாங்கும். கூச்சப்படாம வா கண்ணு," என்றது வெந்நீர்.

அந்த வாஞ்சையில் கற்கண்டு தன் முனை, மூலை எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து, இருந்த இடம் தெரியாமல் கரைந்துபோனது. இனி இதுதான் நம் வீடு என்று நிம்மதியாக இருந்தது.

பிறகு அடுப்பை அணைத்தார்கள். சூடு குறையக் குறைய அத்தையின் பேச்சும் குறைந்தது. கற்கண்டுக்கு நாலா பக்கமும் நெருக்குவது போலிருந்தது. கொஞ்ச நேரத்தில் அது மறுபடி கட்டியாகிப் பாத்திரத்தின் அடியில் கிடந்தது.

"ஏன் அத்தை என்னைத் தள்ளிட்டீங்க?"

"நான் எங்கேடி தள்ளினேன்? நான் எப்பவும் போலத்தான் இருக்கேன். நீதான் இறுகிப்போயிட்டே. அனுசரிச்சுப் போகத் தெரியலைன்னா நான் என்ன பண்றது?"

உள்ளே கரைந்திருந்த மற்ற கற்கண்டுகள், "ஆமாம் அத்தை, அவ குணமே அப்படித்தான்," என்று ஒத்து ஊதின.

பாத்திரம் இன்னும் ஆறிக்கொண்டிருந்தது.