நாலு பேர் ஆபீஸ்

"சார், இந்த மாசத்தோட நான் நின்னுக்கறேன்."

சொல்லிவிட்டு அவள் மேசைமேல் விரித்திருந்த வரைபடத்தையே பார்த்தாள். முதலாளியை நிமிர்ந்து பார்க்க மனம் வரவில்லை.

கட்டடம் தாங்குமா, தாங்காதா என்று கணக்குப் போட்டுச் சொல்லும் சின்ன ஆலோசனை அலுவலகம் அது. மாடியில் இரண்டே அறை. அவரையும் சேர்த்து நாலு பேர். குழந்தைக்காகப் பல வருஷம் வீட்டோடு இருந்துவிட்டு அவள் மறுபடி வேலை தேடி அலைந்தபோது எல்லோரும் கையை விரித்தார்கள். "படிச்சது எங்க போயிடப்போகுது? இங்க உக்காந்து ஞாபகப்படுத்திக்கங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டவர் இவர்தான்.

"எங்க போறீங்கம்மா?"

அவள் ஒரு பெரிய கம்பெனியின் பெயரைச் சொன்னாள்.

"நல்ல இடம்தான். உக்காருங்க. இங்க என்ன குறைன்னு மனசுவிட்டுச் சொல்லுங்களேன்."

"குறையெல்லாம் ஒண்ணுமில்ல சார்."

"பரவாயில்ல, சொல்லுங்க. தப்பா எடுத்துக்க மாட்டேன்."

இழுத்து இழுத்துத்தான் ஆரம்பித்தாள். "கணக்குப் போடறதும் நான்தான், சைட்டுல மேஸ்திரிகிட்ட மல்லுக்கட்டறதும் நான்தான். பிரிண்டர் மக்கர் பண்ணினா அதுக்கும் நான்தான். ஒருநாள் லீவு போட்டா ஆபீஸே படுத்துடுது. ஃபோன் வந்தா நீங்களே குரலை மாத்தி, டிசைன் பிரிவுன்னு பேசறீங்க..."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

"நல்லது ஒண்ணுகூடவா இல்ல?"

"இருக்கு சார். பெரிய ஆபீஸ்ல ஆளுக்கு ஒரு தூண், ஒரு பீம்னு பிரிச்சுக் குடுத்துடுவாங்க. முழுக் கட்டடத்தையும் நான் இங்கதான் கத்துக்கிட்டேன்."

"அங்க லீவெல்லாம் எப்படி? ஆஸ்பத்திரிச் செலவு குடுப்பாங்களா? வயசு பாப்பாங்களா?"

ஆழம் பார்க்கிறார், பிடித்து நிறுத்தப் போகிறார் என்று அவள் பயந்தாள். பேச்சை முடித்துவிடும் அவசரத்தில் சொன்னாள்: "அங்க எனக்குக் கீழ ரெண்டு பேர் சார். ஆளைக்கூட என்னையே பாத்து எடுத்துக்கச் சொல்லிட்டாங்க."

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள். தூக்கிவிட்டவரிடமே இப்படியா பீற்றிக்கொள்வது? முகம் தீயாய் எரிந்தது.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திட்டட்டும், திட்டினால் தேவலை என்று அவள் தலைகுனிந்து காத்திருந்தாள்.

"டிராப்ட்ஸ்மேனுக்குப் பக்கத்துத் தெருவுல ஒரு வேலை சொல்லி வச்சுட்டேன். கணக்கு எழுதற பொண்ணுக்கும் பாத்தாச்சு. ஆபீஸை மூடறதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் ஒரு வாரமா முழிச்சுக்கிட்டிருந்தேன்" என்றவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ரெண்டு பேர்ல ஒருத்தனா நான் வந்தா, உங்களுக்குச் சங்கடமா இருக்குமாம்மா?"