ரெண்டும் இடது கால்

வலது பக்க விளக்கு போர்டு நூற்றிருபதிலும் மஹ்பூபியம்மா பல்புகளைத் தப்பாகப் பதித்து வைத்திருந்தார்.

மேகலாவுக்குத் தலை சுற்றியது. மாதனூர் ஷூ கம்பெனியின் செக்கிங் டேபிள்களுக்கான எல்.இ.டி. விளக்குகள் அவை. டேபிளுக்கு இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. நாலு மணிக்கு வண்டி வந்துவிடும்.

எல்.இ.டி. பிடிவாதக்காரப் பொருள். ப்ளஸ், மைனஸ் மாறினால் எரியவே எரியாது. அதனால்தான் போர்டை டிசைன் செய்த மேகலா, ஒவ்வொரு பல்புக்கும் பக்கத்தில் ப்ளஸ் குறி அச்சடிக்க வைத்திருந்தாள். இந்தம்மா அத்தனையையும் குறிக்கு எதிர்ப்பக்கமாகப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்.

முதலாளி இன்பசேகரனுக்குப் போன் போட்டாள். ஆம்பூர் பஜாரில் இருப்பதாகவும் பத்து நிமிஷத்தில் வருவதாகவும் சொன்னார்.

அவருடைய பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. தப்பைக் கண்டுபிடிப்பவர், தப்பு செய்தவர் பெயரை ரிஜெக்ட் நோட்டில் எழுத வேண்டும். மேகலா சிவப்புப் பேனாவை எடுத்தாள். 'மஹ்பூபி - 120.'

வெள்ளிக்கிழமையோடு அவள் சேர்ந்து ஆறு மாசம். வேலை நிரந்தரமா, இல்லை வீட்டுக்குப் போக வேண்டியதுதானா என்று அன்றைக்குத்தான் தெரியும். இந்த நேரத்திலா இப்படி ஆகணும் என்று அழுகையே வந்தது.

"திங்கட்கிழமை போர்டைத் தூக்கிக்கிட்டு வந்தீங்களே, அப்பவே சொன்னேன் இல்ல? அச்சுல இருக்கறபடி வைங்க, நீங்களா யோசிக்காதீங்கன்னு?"

"சொன்னீங்க மேடம்."

"அப்புறம் இன்னா இது?"

மஹ்பூபியம்மா போர்டுத் தட்டை மேகலா பக்கம் நகர்த்தினார்.

எப்படிச் செய்வது என்று காட்டுகிறேன் பாருங்கள் என்று, மேகலா ஒரு போர்டை எடுத்துச் சூடு காட்டி ஈயத்தை இளக்கி, எட்டு பல்பையும் குறிப்படி திருப்பி வைத்தாள். ஒயரை மாட்டிச் சுவிட்சைப் போட்டாள்.

எரியவில்லை.

ஒயரை ஆட்டினாள், சுவிட்சைத் தட்டினாள். ம்ஹூம்.

மஹ்பூபியம்மா தட்டிலிருந்து தான் பதித்த போர்டு ஒன்றை எடுத்து அதே ஒயரில் மாட்டினார். பளிச்சென்று எரிந்தது.

மேகலா கம்ப்யூட்டருக்கு ஓடினாள். இடது போர்டைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பித்தான் வலது போர்டை வரைந்திருந்தாள். மின்சாரம் ஓடும் கோடெல்லாம் திரும்பியிருந்தது. ப்ளஸ் குறியைப் பக்கம் மாற்ற மட்டும் மறந்திருக்கிறாள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

"எப்படிம்மா கண்டுபுடிச்சீங்க?" குரல் இறங்கியிருந்தது.

"பதினாலு வருஷம் ஷூ கம்பெனில ஜோடி சேத்தவ மேடம். இடதும் வலதும் எதிரெதிராத்தான் பாக்கணும். உங்க குறி ரெண்டுலயும் ஒரே பக்கம் பாத்துச்சு. ரெண்டும் இடது காலா இருந்தா போட முடியுமா? ஒண்ணை மாத்தி வச்சுப் பாத்தேன், எரிஞ்சுது. மீதியையும் அப்படியே வச்சுட்டேன்."

வாசலில் பைக் சத்தம். இன்பசேகரன் வந்ததும் வராததுமாக நோட்டைப் பிரித்தார்.

"இன்னா மஹ்பூபிம்மா இது?"

அந்தம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

சும்மா இருந்தால் மேகலா தப்பித்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

"அங்க என் பேர் வரணும் சார்" என்றாள். வேலை போனால் போகட்டும் என்று நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

இன்பசேகரன் ஏழெட்டு போர்டை மாட்டிப் பார்த்தார். எல்லாம் எரிந்தன. பிறகு நோட்டில் சிவப்பு வரியை அடித்துவிட்டு, 'அச்சுக் குறியைத் திருத்தணும்' என்று மட்டும் எழுதினார். யார் பெயரும் போடவில்லை.

"வெள்ளிக்கிழமை பர்மனன்ட் லெட்டரை வாங்கிக்கோ மேகலா. இப்ப லோடு ஏத்தற வழியப் பாரு."

போன உயிர் திரும்பி வந்தது மேகலாவுக்கு.

இரண்டு பேருமாகப் பெட்டியில் அடுக்கும்போது மெதுவாகக் கேட்டாள். "திங்கட்கிழமையே சொல்லியிருக்கலாமேம்மா?"

"அதைச் சொல்லத்தான் மேடம் அன்னிக்கு வந்தேன்."

மேகலாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "சார்கிட்டயாவது போயிருக்கலாம் இல்ல?"

மஹ்பூபியம்மா பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே சொன்னார்.

"போனா நோட்டுல உங்க பேரை எழுதச் சொல்வாரு. வெள்ளிக்கிழமை வேலை பர்மனன்ட் ஆயிடும்னு உங்கம்மா கிட்ட அப்பத்தான் போன்ல சந்தோஷமா சொல்லிக்கிட்டு இருந்தீங்க. நான் எப்படி மேடம் எழுதுவேன்?"