எட்டாவது பங்கு

"நேத்து வரைக்கும் என் முறை. என் வீட்டுலதான் அப்பா போனாரு. அஸ்தி எனக்குத்தான்" என்றான் காளிராஜ்.

"சாம்பல் இன்னைக்கில்லா அள்ளுதோம்? இன்னைக்கு ஒண்ணாந்தேதி. என் மாசம்" என்றான் அண்ணன் சேதுபதி.

ராஜபாளையம் சுடுகாட்டில் காடாத்துச் சடங்கு முடிந்திருந்தது. அஸ்திப் பானையை ஆளுக்கொரு பக்கமாக இருவரும் பிடித்திருந்தார்கள். அப்பாவைத் தம்பி ராஜபாளையத்திலும் அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரிலுமாக மாதம் மாற்றி வைத்திருந்தார்கள்.

"உசுரோட இருக்கையில ஒண்ணாந்தேதி விடியுமுன்ன பஸ் ஏத்தி விட்டானுவ. இப்பச் சாம்பலுக்கு இழுபறி" என்றார் சித்தப்பா தவசிமுத்து. "வாத்தியாரய்யா, நீங்களாவது சொல்லுங்க."

சங்கையா ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியர். செத்தவரின் கூட்டாளி. கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். பேசவே அலுப்பாக இருந்தது அவருக்கு.

"புத்தர் செத்தப்பவும் இதே கூத்துதான். அஸ்திக்கு எட்டு ஊர்க்காரன் மல்லுக்கு நின்னான். துரோணர்னு ஒரு பிராமணர் எட்டுப் பங்கா அளந்து கொடுத்தாரு. ஆளுக்கொரு ஸ்தூபி கட்டிக்கிட்டாங்க."

"அளந்த பானை என்னாச்சு?"

"அதை அவரே கேட்டு வாங்கிட்டாரு."

"வெவரமான ஆளு" என்றார் தவசிமுத்து.

"அதோட விட்டாங்களா? பொறவு அசோகன் ஏழு ஸ்தூபியைத் தோண்டி, எண்பத்து நாலாயிரமாப் பிரிச்சான்னு கதை. எட்டாவது ராமகிராமத்துல இருக்கு. நாகங்க காவல் இருந்துச்சாம், அசோகன் அதுல கை வைக்கல. அது மட்டும் இன்னும் முழுசா இருக்கு." செருமிக்கொண்டார். "நமக்கு ரெண்டே பங்குதான். இன்னொரு பானை கொண்டாங்க. எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பானை வந்தது. காளிராஜ் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அஸ்திப் பானையிலிருந்து கையை எடுத்தான்.

"வேண்டாம்ணே. இருந்தவரைக்கும் பங்கு வச்சாச்சு. இப்பவாவது முழுசா இருக்கட்டும். நீயே ராமேஸ்வரம் கொண்டு போ."

சேதுபதி பானையை நெஞ்சோடு சேர்த்து வாங்கிக்கொண்டான்.

"நீயும் கார்ல ஏறுலே" என்றான்.

காளிராஜ் சங்கையாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். "நீங்களும் வாங்க சார். ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாத்தான் போறோம். எங்க எறக்கி விடணும்?"

"சின்ன மகன் வீட்டுல, தம்பி" என்றார் சங்கையா. "பெரியவன் முறை நேத்தோட முடிஞ்சது."