பேத்தியின் தட்டில் ஒரு கை

"உங்கப்பா திருடுறாருங்க."

சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த மயேசோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எதைத் திருடுறாரு?"

"மீனை. அதுவும் யார் தட்டுல இருந்து? தாயில்லாப் பிள்ளை தட்டுல இருந்து!"

மயேசோ சிரித்துவிட்டான். மீன் வாடையே ஆகாது என்று நாற்பது வருஷமாய் ஏரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு அவரைக்காயைத் தின்கிற மனுஷர் அவர்.

"சிரிக்காதீங்க. அதெல்லாம் வேஷம். மூணு வாரமா என் ரெண்டு கண்ணால பார்க்கிறேன். அவ மாமரத்துப் பக்கம் திரும்பினாப் போதும், டபக்குனு எடுத்து கோட்டுப் பையில போட்டுக்கிறாரு."

"டவோங்கா என்ன சொல்றா?"

ஃபலேசி கணவனை முறைத்தாள். டவோங்கா என்ன சொல்வாள்? அம்மாவைப் புதைத்துவிட்டு இந்த மாமன் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. ஒன்பது வயசுப் பெண் வாயையே திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கைவிரித்துவிட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை முசுசு டவுனில் இருக்கிற பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவாகியிருந்தது.

அதைக் கேட்ட அன்றைக்குத்தான் கிழவர் ஒரு வார்த்தை சொன்னார். "கொஞ்சம் பொறுங்கடா."

பொறுக்கச் சொன்னது இதற்குத்தானா என்று மயேசோவுக்கு எரிச்சலாய் வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அவனே ஒளிந்திருந்து பார்த்தான். பாயில் தாத்தாவும் பேத்தியும். இரண்டு தட்டிலும் சோளக்களி. அவருக்கு அவரைக்காய், அவளுக்கு மீன். டவோங்கா மாமரத்தைப் பார்த்தாள். கிழவரின் கை நீண்டது.

"அப்பா!"

கை அப்படியே நின்றது.

"வெக்கமா இல்ல? வேணும்னா கேட்டா குடுக்க மாட்டோமா? குழந்தை தட்டுல போய்..."

கிழவர் மகன் பக்கம் திரும்பவில்லை. பேத்தியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் அப்பனைத் திட்டினால் அடி விழும். தாத்தாவைத் திட்டினால் ஊர் சிரிக்கும். வழுக்கைத் தலையா, பல்லில்லாக் கிழமே என்று எது வேண்டுமானாலும் சொல்லலாம். பேரப்பிள்ளைக்கு மட்டும் அந்த உரிமை உண்டு. திட்டாத பேத்தியைப் பார்த்தால் உடம்புக்கு என்ன என்றுதான் கேட்பார்கள்.

"இனிமே நீங்க தனியாச் சாப்பிடுங்க" என்றான் மயேசோ.

"தாத்தாவை ஏசாதீங்க."

துருப்பிடித்த கதவு திறந்த மாதிரி இருந்தது குரல். சமையல்கட்டு வாசலில் நின்ற ஃபலேசியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"அவருக்குப் பசி. அத்தை மீனே வைக்கிறதில்ல. கேக்க வெக்கமா இருக்கும் பாவம். அதான் அவர் எடுக்கட்டும்னு நான் அந்தப் பக்கம் திரும்பிக்குவேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "பேசினா அவர் மாட்டிக்குவாருல்ல?"



டவோங்கா தன் தட்டிலிருந்த மீன் முழுவதையும் அள்ளித் தாத்தாவின் தட்டில் வைத்தாள். "இனிமே திருடாத தாத்தா. இங்கயே தின்னு. நான் பார்த்துக்கிட்டே இருப்பேன்."

கிழவர் மகனை நிமிர்ந்து பார்த்தார். "இவ ஒரு வார்த்தை என்னைத் திட்டுவாளான்னு பார்த்தேன்டா" என்றார் மெதுவாக. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு மீனை வாயில் போட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"முள்ளு பார்த்துத் தின்னு, திருட்டுக் கிழவா!"

கிழவர் இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டார்.

மூன்று வாரமாய் அவர் கோட்டுப் பையிலிருந்தே தின்று கொழுத்த பக்கத்து வீட்டுப் பூனை, வழக்கமான நேரத்துக்கு வேலியோரம் வந்து உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.