மூசாங்குக்கு ஒரு மாம்பழம்

“அம்மனுக்குப் பிளாஸ்டிக் மாம்பழமா? பாவம்லா இதெல்லாம்!”

கோயில் தலைவர் நல்லமுத்து முகக்கவசத்துக்குள்ளிருந்தே கத்தினார். தொண்டை சரியில்லையாம். கத்துவதற்கு மட்டும் அது நன்றாகவே ஒத்துழைத்தது.

மலாக்காவில், டுரியான் துங்காலுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டக் கோயிலில், விடிந்ததும் விடியாததுமாக அவசரக் கூட்டம். எதிரே மண்டபத்தில், முந்தின நாள் திருவிழாவுக்குச் செய்த பழ அலங்காரத்தில் அம்மன் ஜம்மென்று இருந்தாள். அலங்காரம் செய்த பவானேஸ்வரிதான் குற்றவாளி.

“பிளாஸ்டிக் இல்லண்ணே, ரெசின். ரெண்டு மருந்தைக் கலந்து அச்சுல ஊத்தி வச்சா, கல்லு மாதிரி இறுகிடும்.”

“எதா இருந்தா என்னா? பழம் இல்லதானே?”

புக்கிட் பெருவாங் கிளினிக்கில் வேலை பார்க்கும் பவானேஸ்வரிக்குக் கைபேசியில் பார்த்துப் பிடித்துக்கொண்ட பைத்தியம் இது. கண்ணில் படுவதற்கெல்லாம் அச்சு எடுத்து வார்ப்பாள். பிளாஸ்டர் மாவில் வார்த்த வாழைப்பழம் மழை ஈரத்தில் உப்பி உதிர்ந்துபோனது. சிமெண்டில் வார்த்த அன்னாசி, கணவர் காலில் விழுந்து அவரை நொண்ட வைத்தது. கடைசியில் ரெசினில் வார்த்த மாம்பழம்தான் அசலாக வந்தது. வர்ணம் பூசி வைத்தால், ஈயே ஏமாந்து வந்து உட்காரும்.

“அழகாத்தான் இருக்கு. இத வச்சு என்னா செய்யப் போற?” என்று வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். அவளுக்கே தெரியவில்லை. விடை கோயிலில் கிடைத்தது.

அலங்காரத்துப் பழங்கள் மறுநாள் மலாக்கா டவுனில் இருக்கிற பிள்ளைகள் இல்லத்துக்குப் போகும். ஆனால் வருஷா வருஷம், அம்மன் தோளில் வைக்கிற முதல் தரமான மாம்பழங்கள் மட்டும் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போய்விடும். “மூசாங்லா! கித்தாக் காட்டு மரநாய்க்கு மாம்பழம்னா உயிரு,” என்று நல்லமுத்துதான் கண்டுபிடித்துச் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்தால் அவருடைய தங்கப் பல் மின்னும், அதனாலேயே கொஞ்சம் தாராளமாகச் சிரிப்பார்.

“அதான்ணே, இந்த வருஷம் தோளுக்கு மட்டும் ரெசின் பழம் வச்சேன். நல்ல பழமெல்லாம் அம்மன் காலடியில வச்சுப் படைச்சு, அப்புறம் பெட்டியில பூட்டிட்டேன். மூசாங் ஏமாந்து போகட்டும்னு...”

“மூசாங்கை ஏமாத்த அம்மனை ஏமாத்துவியா?”

கூட்டம் ‘உச்’ கொட்டியது. பெரியநாயகி அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

செயலாளர் சுகுமாரனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். “நானும் கிட்டப் போய்ப் பார்த்தேன்ணே. அசல் பழம் மாதிரியே இருக்கு. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?”

“புகார் வந்துச்சு. யாருன்னு சொல்ல முடியாது.” நல்லமுத்து முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். “இனிமே இந்தப் பொண்ணு அலங்காரத்துல கை வைக்கக் கூடாது. அந்தப் பழத்தையெல்லாம் இப்பவே எடுத்துக் குப்பையில போடுங்க!”

கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்ததிலிருந்து அம்மனுக்குப் பூவும் பழமும் சாத்துவது பவானேஸ்வரியின் கைதான். அதைப் பிடுங்கிவிட்டால் அவளுக்கு ஏது திருவிழா?

“அண்ணே, இதோட விட்டுடுங்கலா. பழத்தை நானே அப்புறம் எடுத்துடுறேன்.”

“பாத்தீங்களா, பயந்துட்டா! தப்பு செஞ்சவ பயப்படத்தான் செய்வா.”

“உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்ணே.”

“என் நல்லதுக்கா? சபையில வச்சு என்னையே மிரட்டுறியா?” நல்லமுத்து கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “இவளை நீக்கணும்ங்கிறவங்க கையத் தூக்குங்க!”

கைகள் தயங்கித் தயங்கி எழுந்தன. போன வாரம்தான் அவள் வார்த்துக் கொடுத்த ரெசின் பிள்ளையாரை வாங்கிக்கொண்டு போன பெரியநாயகி அக்காவின் கையும் எழுந்தது. பவானேஸ்வரிக்கு அதுதான் ரொம்ப வலித்தது.

எழுந்துபோய், அம்மனின் இடது தோளிலிருந்து ஒரு மாம்பழத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“போன வாரம் ஓயாத மழை. வார்த்ததுல இது ஒண்ணு மட்டும் சரியா இறுகல. ஜவ்வு மிட்டாய் மாதிரி ஒட்டுச்சு. தூரத்துலேர்ந்து பார்த்தா தெரியாதுன்னு இதையும் சேர்த்து வச்சேன். காலையில விளக்கேத்த வந்தப்பதான் கவனிச்சேன். யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்.”

“அ... அத எதுக்கு இப்ப எடுக்குற? கீழ போடு!” நல்லமுத்துவின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது.

பவானேஸ்வரி பழத்தை மெதுவாகத் திருப்பி எல்லாருக்கும் காட்டினாள். மஞ்சள் தோலில் ஒரு முழுக் கடி. கடியின் நடுவில் என்னவோ பளபளத்தது.

“நீங்க சொன்னது சரிதான்ணே, இந்த வருஷமும் மூசாங்தான் வந்திருக்கு. பாவம், அதோட தங்கப் பல்லு இதுலயே ஒட்டிக்கிச்சு.”